பெட்டியில் எழுதிய ஊர்

எங்கள் மகள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கிய கிழமையே நான் கிணற்றடியில் வல்லாரை நட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது. வல்லாரை தின்றால் படித்தது மறக்காது என்று திருகோணமலையில் சொல்லாத தாய் இல்லை. பிள்ளைக்கு டொக்டராக வேண்டும் என்று ஆசை. அவள் படிக்கிற புத்தகத்தில் ஒரு பக்கம்கூட எனக்கோ அவளுடைய அப்பாவுக்கோ விளங்காது. நான் வேறு என்னத்தைச் செய்வது? தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் சேர்த்து வல்லாரைச் சம்பல் போட்டேன். காலையில் பாணோடு, மத்தியானம் சோற்றோடு. அவளுக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது.

"வல்லாரை திண்டா பௌதிகம் வராது அம்மா. பௌதிகத்துக்கு வாத்தியார் வேணும்" என்பாள்.

அது சரியான கதைதான். பௌதிகம் படிப்பித்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. அந்தப் பாடநேரத்தில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்கள்.

என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தார். பெரிய கப்பல்களுக்குக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்து கரையில் சேர்க்கிற படகு அது. அவர் ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பௌதிகத்துக்கு ஆள் கேட்டுக் கல்விக் கந்தோருக்குப் போனார். வாத்தியார் வருவார் என்றார்களாம். அடுத்த மாதம் போனார். வருவார் என்றார்களாம். அப்படியே ஒரு தவணை போனது.

"கப்பல் வராத நாளிலயும் நாங்கள் படகில நிக்கவேணும். வாத்தியார் இல்லாத வகுப்புக்குப் பிள்ளையள் மட்டும் ஒழுங்காப் போகவேணுமாம்!" என்று வீட்டில் வந்து கத்தினார். கத்தவேண்டிய இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து கத்துவது அவருடைய வழக்கம். அதையும் அவருக்குச் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் படிப்பிக்க நினைப்பவர்கள் செய்கிற காரியம் ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எல்லாப் பாடத்துக்கும் வாத்தியார் உண்டு, பள்ளிக்கூடம் விட்டால் ரியூசனும் உண்டு. நாங்களும் அதைத்தான் செய்தோம். பொம்பிளைப் பிள்ளையை விடுதியில் விடப்போகிறீர்களோ என்று சொந்தக்காரர் கேட்டார்கள். உங்கள் வீட்டில் பௌதிக வாத்தியார் இருந்தால் சொல்லுங்கள், அங்கே விடுகிறேன் என்றேன். பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

விடுதிக்கு றங்குப்பெட்டி ஒன்று வேண்டும். அங்கே பெட்டிகளை ஓர் அறையில் அடுக்கி வைப்பார்களாம். மாறிப்போகாமல் இருக்க மூடியில் பிள்ளையின் பெயரும் ஊரும் பெரிதாக எழுதியிருக்க வேண்டுமாம். அந்த வேலையை என் கணவரே பொறுப்பெடுத்தார். பிள்ளையின் படிப்பில் இவருக்குத் தெரிந்த வேலை என்று ஒன்று கடைசியில் வந்துவிட்டது அல்லவா! துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிற கூட்டாளி ஒருவரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். கறுப்பு மூடியில் வெள்ளை எழுத்து. மேலே அவள் பெயர், கீழே திருகோணமலை.

"கப்பலுக்கும் பின்பக்கத்தில இப்பிடித்தான் பிள்ளை. மேல பேர், கீழ அதின்ர துறை. எந்த நாட்டில போய் நங்கூரம் போட்டாலும் அதின்ர ஊர் அதுதான். மாறாது" என்று மகளுக்கு விளக்கினார். "இது கப்பல் பெயின்ட். உப்புத்தண்ணியில ஊறிக் கிடந்தாலும் போகாது."

"பிள்ளையைப் படிக்க அனுப்புறீங்களோ, கடலில இறக்கப் போறீங்களோ?" என்று நான் கேட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். அவள் பஸ் ஏறிய அன்று சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வல்லாரை மட்டும் பசேலென்று நின்றது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். குடாவுக்கு அக்கரையில் இருக்கிற கிண்ணியா ஊர்ப் பிள்ளை. தினமும் குடாவைக் கடந்து பள்ளிக்கூடம் வந்துபோக ஏலாது என்று தன் சாச்சி வீட்டில் தங்கிப் படித்தாள். அவளுக்கும் டொக்டராகத்தான் ஆசை. ஆனால் அவளுடைய வாப்பாவுக்கு அவளைத் தண்ணீர் கடந்து நகரத்துக்கு விட்டதே பெரிய காரியம். யாழ்ப்பாணம் என்ற பேச்சே அந்த வீட்டில் எடுபடாது. அவள் வாத்தியார் இல்லாத வகுப்பிலேயே இருந்தாள்.

விடுமுறைக்கு மகள் வந்தால் யாழ்ப்பாணத்தில் எழுதிய பௌதிகக் கொப்பிகளும் வரும். இரண்டு பேரும் எங்கள் விறாந்தையில் பாய் போட்டுக்கொண்டு படிப்பார்கள். என் மகள்தான் வாத்தியார். விளங்கினதோ, விளங்கினதோ என்று கேட்டுக் கேட்டுச் சொல்லிக் கொடுப்பாள். நான் இரண்டு சோற்றுக் கோப்பையிலும் வல்லாரைச் சம்பல் வைப்பேன். பெற்ற பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரத்தில் தள்ளிவைப்பாள். மற்றது, "இன்னும் கொஞ்சம் வையுங்க மாமி" என்று கேட்டுச் சாப்பிடும். எனக்கு அந்தப் பிள்ளையில் நல்ல விருப்பம்.

மகள் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் மாவட்டக் கணக்கு என்ற பேச்சு வந்தது. அதற்கு முன்பே மொழியைப் பார்த்துப் புள்ளியைத் தரப்படுத்துகிறோம் என்று ஒன்றைக் கொண்டுவந்து தமிழில் எழுதுகிற பிள்ளைகளின் வயிற்றில் அடித்திருந்தார்கள். இப்போது பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இத்தனை இடம் என்று பிரிக்கப் போகிறார்களாம். வசதி குறைந்த மாவட்டத்துப் பிள்ளை குறைந்த புள்ளியோடும் போகலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மிகவும் கூடுதலான புள்ளி வேண்டும்.

எங்களுக்குச் சந்தோஷம். ஒளிப்பானேன்? யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பாவம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோனோம். யாழ்ப்பாணத்துப் படிப்பு, திருகோணமலைப் புள்ளி. இதைவிட என்ன வேண்டும்? இவர் பெரிய விளைமீன் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீதியால் வந்தார். கண்டவர் எல்லாம் விசேஷம் என்ன என்று கேட்கவேண்டும் என்பதற்காகவே அப்படி வந்தார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த விடுமுறைக்கு மகள் வந்தாள். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் திருகோணமலைக் கணக்கில இல்லை. எங்க படிச்சமோ அதுதான் மாவட்டமாம். நான் யாழ்ப்பாணம்."

"ஆர் சொன்னது? விசர்க்கதை கதையாதை" என்றேன். கோபம்தான் முதலில் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

இவர் மறுபடியும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார். இந்த முறை நானும் போனேன். அங்கே மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். எங்களுக்குக் கதிரை போடச் சொன்னார். பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டார். சொன்னோம்.

"அப்ப யாழ்ப்பாணம்தான்."

"பிறந்தது இங்க. வீடு வாசல் இங்க. பத்தாம் வகுப்புவரையும் படிச்சதும் இங்கதானே ஐயா" என்றார் இவர்.

"இப்ப உயர்தரம் படிக்கிற இடத்தைத்தான் பாக்கினம்."

"இங்க பௌதிகத்துக்கு வாத்தியார் இல்லாமத்தானே அங்க அனுப்பினனாங்கள். உங்களிட்டயே வந்து கேட்டனாங்கள்" என்றேன் நான்.

"அது உண்மைதான்" என்றார் அவர்.

அது பொய் என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு சும்மா இருக்கிற மனிதரோடு என்ன சண்டை பிடிப்பது? பிள்ளையை இப்போதே இங்கே கூட்டிக்கொண்டு வந்தால் சரிவருமோ என்று கேட்டோம். அதைப் பற்றித் தனக்கு ஒன்றும் அறிவிக்கவில்லை, கொழும்புக்கு எழுதிக் கேளுங்கள் என்றார். எழுதினோம். பதிலுக்கு முன்னால் பரீட்சை வந்துவிட்டது.

"கப்பலுக்கு இருக்கிற நியாயம் என்ர பிள்ளைக்கு இல்லையோ?" என்று இவர் அன்றைக்கும் வீட்டில் வந்துதான் கத்தினார். இந்த முறை நானும் அவரோடு சேர்ந்து கத்தினேன்.

பரீட்சைக்கு முதல் கிழமை நான் வல்லாரையைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே போனால், சம்பல் போட விடுதிக்காரர் குசினிப் பக்கம் என்னை விடவில்லை. பெற்றோர் வந்தால் இருக்கிற அறையில் நானும் மகளும் எதிரும் புதிருமாக இருந்தோம். மடியில் வல்லாரைக் கட்டு. அவள் மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மேலே புள்ளி எடுக்கவேண்டும் என்று இராப்பகலாகப் படிக்கிறாள் என்று அவளுடைய சிநேகிதிகள் சொன்னார்கள். நல்லாச் செய் என்று சொல்லலாம். அவள் நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தாள். அவள் என் மடியில் இருந்த கட்டைப் பிரித்தாள். ஒரு பிடி இலையைக் கிள்ளி, கழுவாமல் கொள்ளாமல் பச்சையாக வாயில் போட்டு மென்றாள்.

"போதுமோ அம்மா?" என்றாள்.

நான் பஸ்ஸில் வவுனியாவரைக்கும் அழுதுகொண்டு வந்தேன்.

பெறுபேறு வந்தபோது எங்கள் மகளுக்குத் திறமான புள்ளி. எங்கள் வீதியில் அதுவரைக்கும் ஒரு பிள்ளையும் அப்படி எடுத்ததில்லை. யாழ்ப்பாணத்துக்கு வைத்த எல்லைக்குச் சொற்பம் குறைந்துபோனது. கிண்ணியாப் பிள்ளைக்கு இவளைவிட நன்றாகக் குறைவு. திருகோணமலைக்கு வைத்த எல்லைக்கு அது போதும். அவளுக்குப் பேராதனையில் மருத்துவம் கிடைத்தது.

"வல்லாரை வேலை செய்ததுதான். ஆள்தான் மாறிப்போச்சுது" என்று இவரிடம் சொன்னேன். பகிடியாகச் சொல்லத்தான் தொடங்கினேன். அது பகிடியாக முடியவில்லை.

இன்னொரு தரம் எடு பிள்ளை, இங்கேயிருந்தே எடு என்று இவர் மகளிடம் கெஞ்சினார்.

"எந்த ஊர்ப் பிள்ளையா அப்பா எடுக்கிறது?" என்று கேட்டாள். அவளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது பிழை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். வாத்தியார் இருக்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பினோம், அவ்வளவுதான். ஆனால் அன்று அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

பேராதனைக்குப் போக முதல் அந்தப் பிள்ளை தன் உம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. நல்லாயிரு பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும்; சொன்னேன்; சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். அந்தப் பிள்ளை பின்னாலேயே வந்தது.

"அவள் படிப்பிச்சுத்தான் மாமி எனக்குப் பௌதிகம் வந்தது. எனக்கு இதைக் கொண்டாட ஏலாமல் கிடக்குது" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதது. அதன்மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட அந்தக் குசினிக்குள் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்தால், உம்மா என் மகளிடம் விடுதிக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் ஒருவரும் விடுதியைக் கண்டதில்லை. மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெட்டி என்று வந்ததும் நிறுத்தினாள். எழும்பி உள்ளே போய், கட்டிலுக்குக் கீழே கிடந்த றங்குப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து விறாந்தையில் வைத்தாள்.

"இதைக் கொண்டு போ. புதுசு வாங்காதை."

அவர்கள் வேண்டாம் என்றார்கள். நானும் வேண்டாம் என்றுதான் மனதுக்குள் சொன்னேன். அவள் விடவில்லை. "அப்பா, என்ர பேரைச் சுரண்டி விடுங்கோ" என்றாள்.

இவர் படகில் பெயின்ட் சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு வந்து நிலத்தில் இருந்தார். உப்புத்தண்ணியில் ஊறினாலும் போகாது என்று தானே பீற்றிக்கொண்ட பெயின்ட். வேர்த்து ஒழுக ஒழுகச் சுரண்டினார். அவள் பெயர் ஓர் எழுத்து ஓர் எழுத்தாக வெள்ளைத் தூளாக உதிர்ந்து அவருடைய சாரத்தில் விழுந்தது. மகள் பக்கத்தில் குந்தியிருந்து தூளைக் கையால் தட்டிவிட்டாள். மேல்வரி முடிந்தது. இவர் மூச்சு வாங்கிக்கொண்டு கீழ்வரியில் தகட்டை வைத்தார்.

மகள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"ஊரை விடுங்கோ அப்பா. அது அவளுக்குச் சரிதானே."

இவர் தகட்டைக் கீழே வைத்தார். நான் ஈரத்துணி கொண்டுவந்து மூடியில் மிஞ்சிய தூளைத் துடைத்தேன். எங்களுக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.