அஸ்ஃபர் நானாவின் விசில்

கண்டி பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருக்கும் அஸ்ஃபர் நானாவுக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது: பலகையில் போட்ட ஊருக்குப் போகாத பஸ், தலைப்பில் நிற்காத பேச்சு. முதலாவதை விசிலால் சமாளிப்பார். இரண்டாவது, எங்கள் மெய்யியல் வட்டத்தில் அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலைகளில் நூலக மாடியறையில் கூடுவோம். ‘மெய்யியல் என்றால் என்ன?’ என்று தொடங்கி எட்டு மாதம். ஒரு வாரம் கிரிக்கெட், ஒரு வாரம் சீனி வருத்தத்துக்குப் பாகற்காய் வைத்தியம். நானும் யோக்கியமில்லை, பாகற்காயை இழுத்துவந்ததே நான்தான். கடைசியில் நூலகர் சஞ்சீவனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு ஞாயிறு வீண்கதை என்றால் அறை தையல் வகுப்புக்கு.

நானாவின் முகம் வாடிப்போயிற்று. “கெழமைல ஆறு நாள் மத்தவங்கள ஊருக்கு அனுப்புறன். ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் நானும் எங்கயாச்சும் போறன்” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு விசிலோடு வந்தார்.

“போய்ப் பாத்து, அளந்து பதில் எடுக்க ஏலுமெண்டா அந்தக் கேள்வி இங்க வாணாம். ஒக்காந்து யோசிச்சே தீரணுமெண்டா, அதுதான் மெய்யியல்.”

சாவிக்கொத்தோடு சஞ்சீவனி வாசலில் நின்றார். ஹந்தானைத் தோட்டத்துக் கறுப்பையா எழுந்தார். “எங்க லயத்துல வீட்டுக்கு வீடு இருக்கிற நடுச்சுவரு கூரை வரைக்கும் போகாது.”

விசில் வாய்க்குப் போனது.

“இருங்க நானா. பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் எங்களுக்குக் கேக்கும். விடிஞ்சா ஒண்ணுமே தெரியாத மாதிரி சிரிச்சுப் பேசுறோம். அம்பது வருசமா நாங்க எல்லாரும் பொய்யா சொல்றோம்?”

நானா விசிலைக் கீழே இறக்கினார்.

“அது பொய்யில்லங்க, மரியாதை” என்றார் வாசலில் நின்ற சஞ்சீவனி. “எங்க பக்கத்து வீட்டுலயும் அப்படித்தான். ஒரே டிவி சத்தம். அந்த டிவி வாங்கின கதை தெரியுமா, போன தீபாவளிக்கு...”

விசில் அடித்தது. அறையே அந்த அம்மாவின் கையில். அடித்த நானாவுக்கே முகம் வெளுத்துவிட்டது.

சஞ்சீவனி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மன்னிச்சுக்கங்க. தலைப்புக்கு வர்றேன்.”

தையல் வகுப்பு இப்போது கீழ்மாடியில் நடக்கிறது.