ஆறரைக்கு வராத எண்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு லூர்து அக்காவின் எண் வரவில்லை. என்னுடையதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். சீக்கிரமே பூசைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். எட்டு மணிக்குக் கோபம்கூட வந்தது. நான் ஒரு நாள் பிந்தினால் என்ன பேச்சுப் பேசுவார்! ஈசூனில் என் வீட்டில் அடுப்படிக்கும் சன்னலுக்குமாக நடந்தேனே தவிர, போனை எடுத்து அழைக்கவில்லை. பகல் ஒரு மணிக்கு அவர் மகள் ஜெசிந்தா அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க." மாரடைப்பு.

செவ்வாய், வியாழன், சனி காலையில் எங்களோடு டயாலிசிஸ் செய்துகொண்ட உங்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சன்னலோர நாற்காலி அவருடையது, அடுத்தது என்னுடையது. இருவருக்கும் சர்க்கரை நோய்தான் சிறுநீரகத்தைத் தின்றது. புக்கிட் மேராவில் முப்பது ஆண்டு தேநீர்க் கடை நடத்தியவர். "ஊருக்கெல்லாம் கண்டென்ஸ்டு மில்க் ஊத்திக் கலக்கினேன். கடைசியில எல்லா இனிப்பும் எனக்குள்ளயே வந்து உக்காந்துடுச்சு லா" என்று சிரிப்பார். நானோ நான்கு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார முடியாத பிறவி. குளிர், ஊசி, தொலைக்காட்சிச் சத்தம் என்று எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பேன். அக்கா ஜெபமாலையை உருட்டியபடியே காது கொடுப்பார்.

போன வருடம் என் மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை ஆறு புள்ளி ஒன்று என்று வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தேக்கா கடைத்தெருவுக்குப் போய் லட்டு வாங்கிவந்து தாதியருக்கெல்லாம் கொடுத்தேன், நானும் இரண்டு தின்றேன். அக்கா மட்டும் கை நீட்டவில்லை. "முத்தையா, அந்த டெஸ்ட் நம்மள மாதிரி ஆளுங்களுக்குச் சரியா சொல்லாது. நம்ம ரத்தம் சீக்கிரம் செத்துப் போகுது, ஊசி போட்டுப் புது ரத்தம் ஊற வைக்கிறாங்க. நேத்து வந்த ரத்தத்துக்கு மூணு மாசக் கதை எப்படித் தெரியும்? டாக்டர்கிட்ட கேளுங்க. விரல குத்திப் பாருங்க." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பொறாமை என்றே நினைத்தேன்.

அவர் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகவே அன்று மாலை விரலைக் குத்தினேன். பதினாறு. மறுநாள் பதினைந்து. பத்தைத் தாண்டினாலே அதிகம். பயந்துபோனவன் டாக்டரைக் கேட்டேனா? இல்லை. நானே இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை பசியாறாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சிறுநீரகம் போனவன் உடம்பில் இன்சுலின் சீக்கிரம் கழியாது, தங்கி நின்று வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியாது. அக்காவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "சிஸ்டர்! இந்த மனுசன் பத்து நிமிசமா எதையும் குறை சொல்லல. ஏதோ தப்பு. சக்கரைய பாருங்க!"

இரண்டு புள்ளி ஒன்பது. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. குளூக்கோஸ் ஏறிய பின் கண் திறந்தேன். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது. என் புலம்பலையே சர்க்கரை மீட்டராக வைத்திருந்திருக்கிறார் அந்த அம்மாள்.

அன்றுதான் எங்கள் ஒப்பந்தம் பிறந்தது. தினமும் ஆறரைக்கு, பசியாறுமுன் குத்திப் பார்த்த எண்ணை ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். வணக்கம் வேண்டாம், பூப்படம் வேண்டாம், எண் மட்டும். "நல்ல நம்பர் வேணாம், நெசமான நம்பர் போடுங்க" என்பார். ஒருமுறை பதிமூன்றை ஒன்பது என்று அனுப்பினேன். முந்தின நாள் போனில் போட்டிருந்த, பேரனின் பிறந்தநாள் கேக்கோடு நான் நின்ற படத்தை அவர் பார்த்திருப்பார் என்பது மறந்துபோயிற்று. "யாரை ஏமாத்துறீங்க? உங்க கண்ணையா, காலையா?" என்று உடனே பதில் வந்தது. மறுபடி குத்தி, உண்மையை அனுப்பினேன்.

திங்கள் மாலை அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஜெபம் முடிந்தது. ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போன்ல உங்க பேர்ல வெறும் நம்பரா இருக்கு அங்கிள். அம்மா உங்ககூட சேர்ந்து டோட்டோ லாட்டரி வாங்குறாங்கன்னு நெனச்சேன்." "இதைப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது" என்று அம்மாவின் மீட்டரை நீட்டினாள். ஞாயிறு, காலை ஆறு பத்து, ஏழு புள்ளி நான்கு. குத்திப் பார்த்திருக்கிறார். அனுப்பத்தான் முடியவில்லை.

"உங்களோடது இன்னைக்கு எவ்ளோ அங்கிள்?"

அனுப்ப ஆளில்லை என்று அன்று நான் மீட்டரைத் தொடவே இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன். அவள் புது ஊசி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பதினான்கு புள்ளி ஆறு. "அம்மா இருந்தா கொன்னுருப்பாங்க" என்றாள். இருவரும் அழுதோம்.

ஞாயிறு காலை அவள் பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு நாற்பதுக்கு நான் அழைத்திருந்தால் அவளாவது எழுந்திருப்பாள். பலன் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பார்க்கிறேன்; முடியவில்லை.

சன்னலோர நாற்காலிக்கு இப்போது குமார் வருகிறார். செக்யூரிட்டி வேலை, பத்து வருடச் சர்க்கரை, அதிகம் பேசாத மனிதர். முதல் நாளே அவர் போன் எண்ணை வாங்கிக்கொண்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஆறரை மணியை மட்டும்தான். குமாரின் எண் ஒரு நிமிடம் பிந்தினாலும் அழைத்துவிடுகிறேன். "அண்ணே, பாத்ரூம்ல இருந்தேன், உயிரோடதான் இருக்கேன், விடுங்கண்ணே!" என்று திட்டுகிறார்.

திட்டட்டும்.