கன்னிமார் பக்கம் திருப்பாத கேமரா

சாமி கும்பிடுகிறவன்தான் நான். ஆனால் சாமி கண்ணெதிரே வந்து காட்சி கொடுத்தது என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். நீங்களும் இதைப் படித்துச் சிரிக்கலாம், பரவாயில்லை.

தொண்ணூறுகளில் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் சின்னதாக போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஒரு பங்குனியில் பக்கத்து மலைக்காடு எரிந்துபோனது, ரிப்போர்ட்டுக்குப் படம் வேண்டும் என்று ஃபாரஸ்ட் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். தீப்பிடித்த வெள்ளிக்கிழமை மலைமேல் ஏழு கன்னிமார் கல்லுக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றியவன் நான்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சாமிக்கு ஏற்றியதை ஊதி அணைப்பது பாவம் என்று எரிய விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். சுற்றிலும் காய்ந்த புல்.

மேலே ஏகாம்பரத்தைச் சாம்பலில் உட்கார வைத்திருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர், வயதானவர்.

"பீடிய போட்டுட்டு இன்னாய்யா முழிக்கிற?" என்றார் ஃபாரஸ்ட் கார்டு.

"நான் பீடியே குடிக்கறதில்ல சார். வெத்தலதான். வாய வேணா பாரு."

"வெத்தல போடறவன் பீடி தொடமாட்டானா? பெரிய சாமியாரு."

நான் வாயைத் திறக்கவில்லை. கன்னிமார் பக்கம் கேமராவைத் திருப்பவும் இல்லை, என் தேங்காய் மூடி அங்கே கருகிக் கிடந்தது. கரிந்த மரம், பாறை, கீழே ஏரி என்று வேறு திசையிலேயே ரோலை முடித்தேன்.

சாயங்காலம் பிலிமை நானே கழுவி பிரிண்ட் போட்டேன். நம்பினால் நம்புங்கள், ஒவ்வொரு படத்திலும் ஓரமாக அந்த ஏழு கல்லும் இருந்தன. ஏரிப் படத்தில்கூட, தண்ணீர்மேல்.

மறுநாள் ஆபீஸில் கொடுத்தேன். ரேஞ்சர் புரட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார். கார்டும் பார்த்தார், ஏழு கல்லைப் பற்றி இரண்டு பேருமே கேட்கவில்லை. என் மனசுதான் குழம்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கார்டு அந்த ஏரிப் படத்தை, தரையில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்திடம் நீட்டினார்.

"பாருய்யா, நீ பண்ண வேலைய."

அவர் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ஏழு பேரும் கீறாங்க."

"யாருய்யா?"

ஏகாம்பரம் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கோபம்கூட இல்லை. பிறகு, "எழுதிக்க சார், நாந்தான்" என்றார்.

அப்போதாவது நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஏன் ஒப்புக்கொண்டார், அவருக்கு என்ன தெரியும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஜீப்பில் ஏறும்முன் அந்தப் படத்தை இரண்டு கையாலும் ஏந்தி, பிரசாதம் மாதிரி என்னிடம் கொடுத்தார். நானும், சொல்லவே கூசுகிறது, பழக்கத்தில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.