தலைக்கட்டு இல்லாத மணிகண்டராஜ்

என் பிரஸ்ஸில் இருபத்தேழு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவர் மணிகண்டராஜ். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேப்பர் கட்டுகளைத் தலையில் சுமந்து தொடங்கி, இன்றைக்குச் சிவகாசியில் மூன்று ஆஃப்செட் மெஷின் சொந்தமாக வைத்திருக்கிறேன். ரத்தினசாமி என்று பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கேட்டாலே வழி சொல்வார்கள். என் கதையைப் பாராட்டு விழா மலர்களில் பத்து தடவை போட்டாகிவிட்டது. மணியின் கதையை யாரும் போட மாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இல்லை.

மணிக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. பத்தொன்பது வருஷமாகச் சிவபாண்டி என்பவரோடு ஒரே வீட்டில் இருந்தார். பத்திரிகையில் தன்பால் ஈர்ப்பு என்று போடுகிறார்களே, அதுதான். எங்கள் பக்கம் அதற்கு வைத்திருக்கிற பேர்களை அச்சில் ஏற்ற முடியாது. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. மணியின் தாயார் சுப்புத்தாய் மட்டும் யாராவது வாயைக் கிளறினால், "எனக்கு ரெண்டு மகன். ஒனக்கு என்ன?" என்று வாயை அடைத்துவிடுவார். அவரும் மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் உறவின்முறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் சாதிக்காரர்கள் ஊருக்கு ஊர் கூடி நடத்துகிற சங்கம் அது. பள்ளிக்கூடம், மண்டபம், மயானம் எல்லாம் அதற்குச் சொந்தம். அதன் கணக்கில் ஆள் கிடையாது, தலைக்கட்டுதான். கல்யாணம் முடித்த ஆணும் அவன் குடும்பமும் சேர்ந்து ஒரு தலைக்கட்டு. கல்யாணம் ஆகாதவன் தகப்பன் தலைக்கட்டில் இருப்பான். தகப்பன் இல்லையென்றால் தாய் பேரில் இருப்பான். தாயும் போய்விட்டால் அவன் எதிலும் இல்லை. மயானத்தில் இடம், சவ வண்டி எல்லாம் தலைக்கட்டில் உள்ளவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்தான்.

சிவபாண்டி வேறு சாதி. ஆலங்குளம் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். மணியோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் அண்ணன் கருத்தப்பாண்டி அவரைத் தலைமுழுகிவிட்டார். அதற்குப் பிறகு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கிய மனுஷன். வெள்ளைப் பவுடர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போன வருஷம் மதுரை டாக்டர், இனி மாசக்கணக்குதான் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மணி என்னிடம் வந்தார். நான் உறவின்முறையில் துணைத் தலைவர். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கையில் அச்சில் வீணான ஒரு கழிவு ஷீட். ஏதோ தனியார் பள்ளிக்கூடத்துக்குச் சமூக அறிவியல் புத்தகம் அடித்துக்கொண்டிருந்தோம், அதன் சில பக்கங்கள் சேர்ந்த ஒரு பாரம் அது.

"அண்ணாச்சி, இந்தப் படத்தப் பாத்தீகளா?"

அமெரிக்காவில் கறுப்பு மக்களுக்கு ஓட்டலில் உட்கார இடம் தராத காலத்துப் படம். நாலு கறுப்பு இளவட்டங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் நிற்கிற ஒரு வெள்ளைக்காரன் அவர்களில் ஒருத்தன் தலையில் சீனியைக் கொட்டுகிறான். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்மாளுக கததான்லே இது," என்றேன். எனக்குப் பெருமை. என் தாத்தாவைக் கோயில் வாசலைத் தாண்ட விட்டதில்லை. எங்கள் ஆட்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இதை நான் பேசாத மேடை கிடையாது.

"அதச் சொல்லத்தான் வந்தேன். இன்னைக்கு நானும் வாசல்லதான் நிக்கேன்."

பிறகு கேட்டார். அவரையும் சிவபாண்டியையும் ஒரு தலைக்கட்டாக எழுத வேண்டும். சிவபாண்டி கண்ணை மூடினால் எங்கள் மயானத்தில் மணி கையால் அடக்கம் செய்ய வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏலே, அதும் இதும் ஒண்ணா? அது பெறப்பு."

"இது மட்டும் நான் கடையில வாங்குனதா அண்ணாச்சி?"

"அவுக தோல மறைக்க முடியாது. நீ மறைச்சுக்கிடலாம்ல?"

"பத்தொம்பது வருசம் மறைச்சேன். என்ன குடுத்தீக?"

மணி ஷீட்டை மடித்துக்கொண்டு சொன்னார்: "ஆனா நீங்க சொல்றதும் ஒரு வகையில சரி. ரெண்டும் ஒண்ணில்ல. ஒங்க தாத்தாவ வாசல்ல நிப்பாட்டுனாக. திரும்பி வந்தா வீடு இருந்துச்சு, ஆச்சி சோறு போட்டாக, தெரு முழுக்க அவரு மாதிரியே ஆளுக. இந்தப் பையனுக்கும் தலையில கெடக்க சீனியத் தட்டிவிட ஒரு ஆத்தா இருந்திருப்பா. எங்கள வாசல்ல நிப்பாட்டுறதே வீட்டாளுகதான. நாங்க எங்கன திரும்ப?"

"கொஞ்சம் பொறு மணி. காலம் மாறும். 2018-ல குத்தமில்லன்னு கோர்ட்டே சொல்லிருச்சுல்ல?"

"2023-ல கல்யாணமா ஏத்துக்கிட முடியாதுன்னும் அதே கோர்ட்டுதான் சொல்லிச்சு. நான் பொறுப்பேன். அவன் நெஞ்சு பொறுக்காதே."

கமிட்டியில் மனுவை வைத்தேன். என்னைத் தவிர வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள். செயலாளர் நாகையா, எண்ணெய்க் கடைக்காரர், வாசித்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு ஆம்பளைக்கு ஒரு தலைக்கட்டா? அப்ப யாரு அண்ணாச்சி தல, யாரு கட்டு?" எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற மணி உள்ளே வந்து, தாத்தாமாரைக் கோயில் வாசலில் நிறுத்திய காலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். சிரிப்பு நின்றது. அது இன்னும் மோசம். "பெரியவுக ரத்தம் சிந்துனத இந்தக் கழிசடையோட சேத்துப் பேசுறியா?" என்று நாகையா எழுந்துவிட்டார்.

ஓட்டுக்கு விட்டால் தோற்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் ஒரு யோசனை சொன்னேன். நம் சாதிக்காரர் வீட்டோடு இருக்கிற வெளிச்சாதி ஆள் யாராவது இறந்தால், அவருடைய ரத்த சொந்தம் சம்மதம் எழுதிக் கொடுத்தால் நம் மயானத்தில் அடக்கலாம் என்று பழைய விதி ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் நிம்மதி. "கடுதாசி வாங்கிட்டு வாங்க, பாப்போம்" என்று கலைந்துபோனார்கள்.

மணி என் பின்னாலேயே வந்தார். "அண்ணாச்சி, அவுக அண்ணன் பக்கம் மட்டும் போயிராதீக. அவுக மறந்திருக்க வரைக்கும்தான் எங்களுக்கு நல்லது."

நான் கேட்கவில்லை. இன்கம் டாக்ஸ் ஆபீஸரையே பேசி அனுப்பினவன், காடு கரை வைத்திருக்கிற ஒரு சம்சாரியிடம் ஒரு கையெழுத்து வாங்க முடியாதா? மணியிடம் சொல்லாமல், பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு காரில் போனேன்.

கருத்தப்பாண்டி மரியாதைப்பட்டவர். "வாங்க மொதலாளி, உக்காருங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் பக்குவமாகத்தான் சொன்னேன். நோயைச் சொன்னேன், மயானத்தைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"அப்ப எங்க ரத்தம் அடுத்த சாதிக் குழியில கெடக்கும். அதுக்கு நான் எழுதித் தரணும்."

"அப்பிடி இல்ல..."

"எங்க இருக்கான் மொதலாளி? ஒரு எட்டு வந்து பாக்கேன்."

மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். வீட்டு விலாசத்தை என் வாயாலேயே சொன்னேன். திரும்பி வரும்போது டிரைவரிடம், "பாத்தியாலே, பேசுறவன் பேசுனா முடியும்" என்றுகூடச் சொன்னேன்.

மூன்றாம் நாள், மணி ஷிப்டில் இருந்த நேரம், ஒரு வேனில் ஐந்து பேர் வந்தார்கள். சிவபாண்டியைப் பாயோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார் என்று பக்கத்து வீட்டு ரோஜா சொன்னாள். மணி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"நீ அவருக்கு என்ன வேணும்?" என்றார் புகார் எழுதுகிறவர்.

மணி என்னைப் பார்த்தார். "கூட இருக்கவன்," என்றார்.

"கூடப் பெறந்தவரு கூட்டிட்டுப் போயிருக்காரு. போய்யா."

பதினெட்டாம் நாள் சிவபாண்டி இறந்தார். கருத்தப்பாண்டி எனக்குப் போன் போட்டுச் சொன்னார். "நீங்க வாங்க மொதலாளி. அவன் வரக்கூடாது. வந்தா எங்க பயலுக சும்மா இருக்க மாட்டானுக."

மணியும் காரில் ஏறிக்கொண்டார். ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கொட்டுச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. நான் மாலையை எடுத்துக்கொண்டு நடந்தேன். எனக்குக் கூட்டம் வழிவிட்டது. நாற்காலி போட்டார்கள், கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். தம்பி வேலை பார்த்த கம்பெனி முதலாளி என்று கருத்தப்பாண்டி எல்லோரிடமும் சொன்னார். நான் திருத்தவில்லை. சவத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்தார்கள். அண்ணன் மகன் குடம் சுமந்தான். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காரில் ஏறினதும் மணி கேட்டார்.

"மொகத்த வழிச்சு விட்டிருந்தாகளா அண்ணாச்சி? தாடி வளந்தா அவனுக்கு அரிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்தான் வழிச்சு விடுவேன்."

நான் பார்க்கவில்லை. மாலை போட்டேனே தவிர முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"வழிச்சிருந்தாக மணி. சுத்தமா இருந்துச்சு."

"பக்கத்துல போய்ப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

தூரத்தில் கொட்டு ஊரைத் தாண்டி அவர்கள் மயானத்துப் பக்கம் நகர்ந்தது. அது அடங்குகிற வரைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று மணி டிரைவருக்குக் கையைக் காட்டினார். அடங்கியது. அப்புறமும் அவர் காட்டின கையை இறக்கவில்லை.