தண்ணீர் படாத சொங்கேட்

கல்சம் அக்கா அந்தத் துணியை இரு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கள் வண்ணான் துறைக்கு வந்தபோது நான் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், பினாங்கில். துறை மாரியண்ணனுடையது. வெளுப்பு அவர், இஸ்திரி நான்.

அக்கா சூலியா தெருப் பக்கம். தமிழும் மலாயும் கலந்த முஸ்லிம் குடும்பம். கல்யாண வீடுகளில் மணமக்களை அலங்கரிக்கும் ‘மாக் அண்டாம்’ அவர். உடுப்பையும் நகையையும் அவரே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, சடங்கு முடிந்ததும் திரும்ப எடுத்து வருவார்.

துணியை விரித்தார். இளம்பச்சைப் பட்டு, உடம்பெல்லாம் பொன்னிழைப் பூ; மலாய்க்காரர்கள் சொங்கேட் என்பார்கள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் எண்ணெய்க் கறை.

“போன கல்யாணத்துல மாப்பிள்ளை கூலாய்க் கொழம்ப மேல ஊத்திக்கிட்டான். நாளன்னிக்கு அடுத்த மாப்பிள்ளை இதத்தான் இடுப்புல கட்டணும். இல்லேன்னா வேற மாக் அண்டாம கூப்பிட்டுருவாங்க. ஒரு வீடு போனா ஊரே போச்சு லா.”

“சொங்கேட்டா? வேணாம்மா. கறையும் போயிரும், துணியும் போயிரும்” என்றார் மாரியண்ணன்.

“ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது தம்பி. திரெங்கானு ஊர்ல நெய்ஞ்சதுலேர்ந்து பட்டதில்ல. எங்கம்மா சத்தியம் வாங்கிட்டுத்தான் கையில குடுத்தாங்க” என்று அக்கா என் பக்கம் திரும்பினார்.

தண்ணீர் இல்லாமல் வெளுக்க வேண்டுமாம்! மாரியண்ணன் கையை விரித்துவிட்டார். ஆனால் எனக்கு எந்தத் துணியையும் திருப்பிப் பார்க்காமல் விடமுடியாது. திருப்பினேன்.

இந்தக் காலப் பிள்ளைகள் சொங்கேட்டின் முன்பக்கத்தைப் பார்த்து மயங்குவதோடு சரி. பின்பக்கம்தான் வேலை தெரியும். ஊடும் பாவுமாகப் பட்டு தனியே நெய்யப்பட்டு நிற்கிறது. பொன்னிழை அதன்மேல் கூடுதலாக ஓடி, பூ வேண்டிய இடத்தில் மட்டும் மேலே வந்து, மற்ற இடத்தில் அடியில் போய்விடுகிறது. பொன்னை உருவி எடுத்தாலும் பட்டு பட்டாகவே இருக்கும். பட்டு சீனத்துச் சரக்கு, பொன்னிழை எங்கெங்கிருந்தோ கப்பலில் வரும் என்றார் அக்கா. தலைப்பில் வரிசையாகக் கூம்புகள். நம் சேலையின் கோபுரக்கரை போலவே இருந்தது.

“கோபுரமா? மூங்கில் குருத்து தம்பி அது. புச்சோக் ரெபோங்!” என்று அக்கா அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார்.

அவரிடம் மணப்பெண்ணுக்குப் பூசும் அரிசிப் பவுடர் இருந்தது. அதை வாங்கி, பொன்னிழைக்குள் சிக்காதபடி பின்பக்கத்திலிருந்து ஒற்றினேன். மத்தியானத்துக்குள் எண்ணெய் பவுடருக்குள் ஏறிவிட்டது. மஞ்சள் மட்டும் அசையவில்லை. சோப்பு போட்டால் மஞ்சள் சிவந்துவிடும், அது இன்னும் கேடு. பூந்திக்கொட்டை நீர்தான் வழி. ஆனால் அதுவும் நீர்தானே! அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியை மடிக்க ஆரம்பித்தார்.

அவர் மடித்த மூலையை மாரியண்ணன் சட்டென்று பிடித்தார்.

“டேய், இங்க பாரு.”

ஓரத்தில், மடிப்புக்குள், நகக்கண் அளவில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும். சேங்கொட்டைச் சாறு. எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காக நாங்கள் போடும் வண்ணான் குறி. வேறு யார் பார்த்தாலும் அழுக்கு என்றுதான் நினைப்பார்கள்.

“அம்மா, இது வெளுப்புக்குப் போன துணி” என்றார் மாரியண்ணன்.

“பொய்!” அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்கம்மா ஏன் என்கிட்ட சத்தியம் வாங்கணும்?”

யார் வெளுத்தது, எந்த ஊர்த் துறை, அன்றைக்கு என்ன கறை என்று கேட்க என் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். அக்கா அந்தக் குறியைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். சேங்கொட்டை போகுமா? கடைசியில் துணியை என் பக்கம் தள்ளினார்.

“போடு தம்பி. அப்ப பொழச்சது இப்பவும் பொழைக்கும்.”

கறை இருந்த இடத்தை மட்டும் பின்பக்கம் பூந்திக்கொட்டை நீரால் ஒற்றி எடுத்தேன். பிழியவில்லை, அடிக்கவில்லை. என் ஆயுளில் ஒரு துணிக்கு அவ்வளவு பயந்ததில்லை. மறுநாள் காலை இளவெயிலில் பின்பக்கம் மேலே தெரியக் காயவைத்தோம். வெயில் ஏற ஏற மஞ்சள் வெளிறியது. பொன் ஒரு இழைகூடக் கறுக்கவில்லை.

கல்யாணத்தன்று வெளுத்த விரிப்புகளைக் கொடுக்க அந்தக் கல்யாண வீட்டுக்கே போயிருந்தேன். மாப்பிள்ளை இடுப்பில் பச்சைப் பட்டு மின்னியது. பெண்வீட்டு அத்தைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அக்கா தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்: “ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல இது.” என்னைப் பார்த்தார். நான் விரிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டேன். வெளுப்புக்காரனுக்குக் கையைவிட வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அக்கா அதே துணியோடு மறுபடி வந்தார். கறை எதுவும் இல்லை.

“பழைய குறிக்குப் பக்கத்துல உங்க குறியையும் போடுங்க அண்ணே” என்றார் மாரியண்ணனிடம். “என் மககிட்டயும் நான் சத்தியம்தான் வாங்கப்போறேன். ஆனா அவ காலத்துலயும் ஒரு நாள் இதுல கறை படும்ல?”