இரண்டு முறை நின்ற கல்யாணம்

என் கல்யாணம் முதல் முறை நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போனில், சண்டையே இல்லாமல். நிச்சயதார்த்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குள் எனக்குப் புதுச்சேரி அரசு வேலைக்கான ஆர்டர் வந்து, காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. நான் வேலையை விட்டுவிடுவேன் என்று அவர் நினைத்திருந்தார். அவர் ஊரோடு வந்துவிடுவார் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு பேரும் இதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"டிரான்ஸ்பர் வாங்க முடியாதுங்களா?" என்றார்.

"பாண்டிச்சேரி, மாஹே, ஏனாம். அவ்வளவுதாங்க எங்க கவர்மெண்ட்டு."

அவர் அதற்குள் போனில் மேப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "மாஹேயும் ஓசூருக்குத் தூரம்தாங்க," என்றார் கடைசியில். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டோம்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் 'மாப்பிள்ளை' என்ற சொல் போய் 'அந்தப் பையன்' வந்தது. மோதிரம் மட்டும் என் விரலிலேயே இருந்தது. அலுவலகத்தில் யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. கழற்றினால் கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். அதனால் அங்கே போட்டுக்கொள்வேன், வீட்டுக்கு வரும் வழியில் திருநள்ளாறு தாண்டியதும் ஸ்கூட்டியை ஓரம் கட்டிக் கழற்றிக் கைப்பையில் போடுவேன்.

"திருப்பிக் குடுத்துடுவோங்க. அது இருக்கிற வரைக்கும் வேற இடம் அமையாது," என்றாள் அம்மா.

"நாம போட்ட மோதிரம் அந்தப் பையன் கையில இருக்கே. அவங்க முதல்ல குடுக்கட்டும்," என்றார் அப்பா.

அம்மாவின் அண்ணனைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். மாமா காபி குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "யாரு கல்யாணத்த நிறுத்துனாங்களோ, அவங்கதான் முதல்ல குடுக்கணும். நாம போய்க் குடுத்தா, நாமதான் நிறுத்துனோம்னு ஆயிடும்."

திருமலைராயன்பட்டினத்தில் அவர்கள் வீட்டிலும் ஒரு மாமா இருந்திருக்கிறார். அவரும் இதையே சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் இரண்டு வீடும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

பிறகு ஒருநாள் ஓசூரிலிருந்து அந்தப் பையனே எனக்குச் செய்தி அனுப்பினார். 'லீவுல ஊருக்கு வர்றேன். நாமளே மாத்திக்கிட்டா என்னங்க?'

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கடற்கரைச் சாலையில் ஓர் ஐஸ்கிரீம் கடை. மத்தியானம் ஒரு மணி வெயிலில் அங்கே ஈ, காக்கா வராது. நான் சாப்பாட்டு நேரத்தில் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து, வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். நான் சிவப்பு டப்பாவைத் திறந்து அவர்கள் மோதிரத்தைக் காட்டிவிட்டு மேசையில் வைத்தேன். அவர் இடது கையை நீட்டினார். எங்கள் மோதிரம் விரலில் இருந்தது.

"கழல மாட்டேங்குதுங்க. காலையிலேர்ந்து பாக்குறேன்."

"சோப்பு போட்டீங்களா?"

"போட்டேன். எண்ணெயும் போட்டேன்."

கடைக்காரர் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் விரலில் அதை ஊற்றி, மணிக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் திருகி இழுத்தேன். நிச்சயதார்த்தத்தன்று போட்டோகிராபர் எவ்வளவோ சொல்லியும் நான் அந்தக் கையை இவ்வளவு அழுத்திப் பிடிக்கவில்லை. வலி தாங்காமல் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. மோதிரமும் வந்தது.

"அடடே," என்று ஒரு குரல்.

எங்கள் தெருவில் இருக்கும் அத்தை. இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பாலிசி விஷயமாகக் கடைக்காரரைப் பார்க்க வந்திருக்கிறாள். அவளைப் பார்த்த பதற்றத்தில் அவர் மோதிரத்தை எடுத்து அதே விரலில் மாட்டிக்கொண்டார். நான் டப்பாவை மூடிக் கைப்பைக்குள் போட்டேன்.

"அத்தை, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதடி. நல்லா இருங்க ரெண்டு பேரும்," என்று என் தலையைத் தொட்டுவிட்டு, வந்த வேலையைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. சீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கைப்பையைத் திறந்து பார்த்தேன். உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"உங்க மோதிரம் என்கிட்டயே இருக்குங்க. எங்களுது?"

"கையில."

"கழட்டிடலாமா?"

"முடியலைங்க," என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே பாயசம் மணத்தது. அப்பா மடிப்பு வேட்டியில் இருந்தார். மாமா போனில் யாரிடமோ மண்டபம் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டிருக்கிறாள். அந்தப் பையனின் அம்மா போன் செய்து, எங்கள் அம்மாவிடம் சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள். அம்மாவும் அழுதிருக்கிறாள்.

"நாங்க ஒண்ணும் சேரலப்பா. மோதிரத்தத் திருப்பிக் குடுக்கத்தான் போனேன்."

"அப்புறம் எதுக்கு அந்தப் பையன் கையப் புடிச்ச?"

"கழலலப்பா. இழுத்தேன்."

"அவரு அழுதாராமே."

"வலிச்சுதுப்பா."

மாமா போனை மெதுவாக வைத்தார். அம்மா கேட்டாள், "வந்துச்சா?"

"வந்துச்சும்மா. திரும்பப் போட்டுக்கிட்டாரு."

அப்பா வேட்டியை மாற்ற உள்ளே போனார். பாயசத்தை யாரும் வீணாக்கவில்லை. மாமா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, தன்னிடம் கேட்காமல் போனதால் வந்த வினை என்று சொல்லிக் கிளம்பினார்.

மறுநாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் சிவப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு திருமலைராயன்பட்டினத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். காலை பத்து மணிக்குப் போனவர், சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வந்தார். சட்டைப் பையிலிருந்து எங்கள் மோதிரத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வாய் பிளந்திருந்தது.

"ஆசாரிகிட்ட அழைச்சிட்டுப் போயி வெட்டி எடுத்தோம். பையன் பயந்துட்டான். நான்தான் கையப் புடிச்சிக்கிட்டேன்."

"இவ்வளவு நேரமா வெட்டுனாங்க?"

"சாப்பிடாம விடமாட்டேன்னுட்டாங்க. அவங்க அப்பா போட்டிருக்கிற போர்வெல்லப் பாத்துட்டு வந்தேன். நல்ல தண்ணி." சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "நல்ல மனுஷங்கதான்."

"தெரியாமலா பொண்ணு குடுக்க ஒத்துக்கிட்டோம்?" என்றாள் அம்மா.

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். நான் அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் இனிமேல் அவரிடம் போனில் பேச எந்தக் காரணமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மா பார்த்தாள். சின்ன வெங்காயம் இருந்த முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"உரி. அப்பா வந்து கேட்டா வெங்காயம்னு சொல்லிக்கலாம்."

அரைக் கிலோவுக்குக் குறையாமல் உரித்தேன்.