ஏகமனதாக

போன வாரம் ஒரு விழா அழைப்பிதழ் வந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. அதுதான் என்னைத் தென்காசி நெசவாளர் சங்கத்துக்குக் கொண்டுபோய்விட்டது. 1950களின் கடைசியில் நான் அங்கே எழுத்தர்.

கூட்டத்துச் சொற்களெல்லாம் சட்டை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அக்கிராசனர் தலைவரானார். பிரேரேபித்தவர் முன்மொழிந்தார், ஆமோதித்தவர் வழிமொழிந்தார். வந்தனோபசாரம் நன்றியுரையாயிற்று. இரண்டு வகையும் எனக்கு அத்துப்படி என்று ஒரு கர்வம். வீட்டில் நான் காப்பி கேட்டால், “அண்ணன் முன்மொழியுதான், யாராச்சும் வழிமொழியுங்க” என்பாள் தங்கை.

அந்த வருடப் பொதுக்கூட்டம் குற்றாலத்தில், நல்ல சாரலில். முடிந்ததும் அருவிக்கு ஓட வேண்டுமே என்று கூட்டக் குறிப்பை முதல் நாளே எழுதிவிட்டேன். நெசவாளி இறந்தால் அவர் மனைவிக்கு உறுப்பினர் உரிமை கிடையாது, சங்கத்து நூலும் கிடையாது என்று ஒரு தீர்மானம். அதன் கீழே ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தேன்.

தீர்மானத்தை ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து மைமூன் பீவி எழுந்தார். கணவர் இறந்து ஆறு மாதமாகத் தனியே தறி ஓட்டுகிறவர்.

“அண்ணாச்சி, மாப்பிள மௌத்தாயிட்டாரு. தறி மௌத்தாகலையே. நான்தானே நெய்யுதேன்.”

“நோட்டுல எழுதியாச்சும்மா” என்றார் தலைவர்.

“கூட்டம் முடியுததுக்கு முந்தியேவா?” என் பக்கம் திரும்பினார். “வாசிங்க தம்பி.”

வாசித்தேன்.

“ஏகமனதுன்னா?”

“எல்லார் மனசும் ஒண்ணா இருக்குன்னு…”

“எம் மனச எப்பம் கேட்டிய?”

குரல் உயரவே இல்லை. எனக்குக் காது சுட்டது. பின்வரிசையில் ஒரு நெசவாளி, “அந்தப் பிள்ள சொல்லுதது நியாயம்” என்று கையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. தலைவர் எண்ணிப் பார்த்தார். “அந்த வரிய அடிச்சிரும்வே” என்றார் என்னிடம். அவர்மேலும் அன்று மதிப்பு வந்தது.

அடித்தேன். தீர்மானம் தோற்றதை எழுதச் சொல் இருந்தது. அந்த அம்மா செய்ததற்குப் பழைய சொல்லும் பொருந்தவில்லை, புதியதும் பொருந்தவில்லை. ‘மைமூன் பீவி எழுந்து நின்று கேட்டார்’ என்று மட்டும் எழுதினேன். அந்த நோட்டில் நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான். அதற்குப் பிறகு பல வருடம் அவர் பெயரிலேயே நூல் போயிற்று.

இப்போது பல சங்கங்களில் கூட்டம் கூடுவதே இல்லை. தீர்மானத் தாள் வீடு தேடி வருகிறது. நிலைப்படியில் நின்றபடியே கையெழுத்து வாங்கிப் போகிறார்கள். போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கத்துத் தாள் வந்தது. நானும் போட்டுக் கொடுத்தேன், வாசிக்காமலே.